அடியில் நின்ற மருந்து

விடுதியில் நாம் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்த நாட்களில், ஆய்வுக்கூடத்து அமிலக் குப்பியைத் தொட நீங்கள் நான்கு பேரும் தயங்கியபோது நான் மட்டும் சாதாரணமாக எடுத்து ஊற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். "இதையெல்லாம் நான் பதிமூணு வயசிலேயே தொட்டாச்சு" என்று பீற்றிக்கொண்டேன். எங்கே, எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

நம் கையெழுத்துப் பத்திரிகை சுற்றி வந்து இந்த மாதம் என் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஆளுக்கொரு சின்ன வயசு நினைவை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. உங்களில் ஒருத்தி முதன்முதலாக ரயில் பார்த்ததை எழுதினாள். ஒருத்தி சித்தப்பாவின் சைக்கிளைக் கண்மாய்க்குள் இறக்கியதை எழுதினாள். படித்துவிட்டுச் சிரித்தேன். நான் எழுதப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை. வயிற்றெரிச்சல் மருந்து ஒன்றை நான் சோதித்துப் பார்த்த கதை இது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து கடலைப் பார்க்கப் போகிற வழியில் இருக்கிறது. கிணறு தோண்டினால் உப்பு. குடிக்க ஊருணித் தண்ணீர்தான். அதுவும் வெள்ளைக் களிமண் ஊருணி. கோடை நெருங்கி நீர் வற்ற வற்ற, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதைக் கொண்டுவந்து, பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றி வைப்போம். விடியும்போது கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். பானையை அசைக்காமல் மேலாக மொண்டுகொள்ள வேண்டும். தெரியாத்தனமாகப் பானையை ஆட்டிவிட்ட பிள்ளைக்கு முதுகில் விழும். மேலே நிற்பது தண்ணீர், அடியில் நிற்பது வண்டல், வண்டலைக் கீழே கொட்ட வேண்டும். எழுத்துக் கற்பதற்கு வெகு காலம் முன்பே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த பாடம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கற்றது நான் மட்டும். அப்பாவுக்குக் கைநாட்டு. ஆத்தாவுக்கு அதுவும் கிடையாது. எதிலும் நாட்ட வேண்டிய தேவை வரவில்லை. மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன் ஒரு பெண்பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்தால் நாலு வீட்டுக்காரர்கள் கூடிவிடுவார்கள், நான் படிப்பதைப் பார்க்க. கடுதாசியில் என்ன இருக்கிறது என்பதைவிட, நான் நிறுத்தாமல் படிக்கிறேனா என்பதுதான் அப்பாவுக்கு முக்கியம். கூட்டத்தைப் பார்த்தால் நானும் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன்.

அந்த மாசி மாதம் அப்பாவுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. முன்பே இருந்ததுதான். அறுப்பு முடிந்து உட்கார்ந்த பிறகு கூடிவிட்டது. "நெஞ்சுக்குழிக்குள்ள கங்க வச்ச மாதிரி இருக்கு" என்பார். புளி சேர்த்தால் எரியும், சேர்க்காவிட்டாலும் எரியும். சாக்கை மடித்து வயிற்றுக்கு அண்டக்கொடுத்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பார்க்காமல் இருப்பதற்காகவே பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிப்பேன்.

பள்ளிக்கூடம் இருந்த ஊரிலேயே தரும ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு ஜன்னல். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான் எல்லாம். மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பழைய தைல பாட்டில், பிராந்தி பாட்டில் எது இருந்தாலும் சரி. கம்பவுண்டர் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்ப்பார். "எண்ணெப் பிசுக்கு அப்படியே இருக்கு. வெந்நியில கழுவிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். நடந்தே வந்த ஆட்களுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிரிக்கவும் மாட்டார். பெரிய ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி நன்றாக ஆட்டிவிட்டு ஊற்றுவார். கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பசை தடவிப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. பிறகு எல்லோரிடமும் ஒரே ராகத்தில் சொல்வார்.

"மூணு வேளை. சாப்பிட்டு முடிச்சு. நல்லாக் குலுக்கிக் குடிக்கணும். அடுத்த ஆளு."

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பாவின் மருந்தை நான்தான் வாங்கி வருவேன். வெள்ளை மருந்து. மூடியைத் திறந்தால் ஓமமும் பெப்பர்மின்ட்டும் கலந்த வாசனை வரும். முதல் நாள் அதைக் கையில் வாங்கிய அப்பா, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்தா இது, நம்ம ஊருணித் தண்ணி மாதிரி இருக்கு."

மாடக்குழியில் வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது தெளிந்துவிட்டது. முக்கால் பாட்டில் தெளிந்த நீர். அடியில் கால் பாட்டில் வெள்ளை. அசைக்காமல் மேலாகச் சரித்து ஊற்றிக் குடித்தார்.

"குலுக்கிக் குடிக்கணும்னு சொன்னாருப்பா" என்றேன்.

"குலுக்குனா வண்டலும்ல சேந்து உள்ள போகும்? அவன் அப்படித்தான் சொல்லுவான். தண்ணியில சுண்ணாம்பக் கரைச்சுக் குடுக்குறவன் தெளிய வச்சுக் குடின்னா சொல்லுவான்?"

"அவரு சொன்னபடி ஒரு வேளை குடிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் ஆத்தா.

"நீ குடி. ஒனக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு மிச்சம்."

பாட்டில் தீர்ந்ததும் அடியில் நின்றதை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, பாட்டிலை என்னிடம் கழுவக் கொடுத்தார். நாலு பாட்டில் ஆன பிறகு முருங்கை மரத்தடி வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. தெளிந்த நீரில் ஓம வாசனை இருந்ததால் குடித்ததும் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழையபடி எரியும்.

ஊரில் அந்த மருந்து வாங்கிய எல்லா வீட்டிலும் இதே கதைதான். யாரும் யாரிடமும் கேட்டு இப்படிக் குடிக்கவில்லை. பாட்டிலில் கலங்கலைப் பார்த்ததும் ஒவ்வொருவர் கையும் தானாகவே அதைத் தெளிய வைத்தது. ஊருணியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"கம்பவுண்டரு வீட்டுக்கு வெள்ளையடிச்சாராம்டி. மிச்சத்தத்தான் நமக்கு ஊத்துறாரு."

"மிச்சம்னா அவரு வீடு எம்புட்டுப் பெரிய வீடோ."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அறிவியல் வாத்தியார் அமிலப் பாடம் எடுத்தார். மேஜை மேல் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் அமிலம். நீல லிட்மஸ் தாளைப் போட்டார், சிவந்தது. உடைந்த சாக்குக்கட்டி ஒன்றைப் போட்டார், சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. வகுப்பே எழுந்து நின்றது. "ஒக்காருங்க. நம்ம வயித்துக்குள்ளயும் இதே அமிலந்தான் ஊறுது. அது அளவுக்கு மேல போச்சுன்னா எரியும். அமிலத்த முறிக்கிற பொருளும் இருக்கு. முறிஞ்சிருச்சான்னு இந்தத் தாளு சொல்லும். சிவப்பு மறுபடி நீலமாகும்" என்றார். நான் இதையெல்லாம் அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். வாத்தியார் என் நோட்டைத்தான் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவார்.

குழாய்களைக் கழுவி வைக்கும் பொறுப்பு எனக்கு. மூன்றாம் நாள் ஒரு காலி மைக்கூட்டில் அமிலத்தை ஊற்றி, துணி சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். லிட்மஸ் தாள் ஏழெட்டைப் புவியியல் புத்தகத்துக்குள் செருகினேன். வழியெல்லாம் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே மூன்று மைல் நடந்தேன். பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். அப்பாவின் வயிற்றுக்குள் இருப்பது இப்போது என் பைக்குள் இருக்கிறது என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் முற்றத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்து அமிலம் ஊற்றினேன். இரண்டிலும் நீலத் தாள் சிவந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில், தெளிந்திருந்த மருந்தை மேலாகச் சரித்து ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. தாள் சிவப்பாகவே கிடந்தது. இன்னொன்றில், அடியில் நின்ற வெள்ளையை வழித்துப் போட்டேன். சுர்ரென்று பொங்கிக் குப்பியின் வாய் வரை நுரை வந்தது.

"மேல இருக்குறது வெறும் தண்ணிப்பா. அடியில இருக்குறது சாக்குக்கட்டித் தூளு. பள்ளிக்கூடத்துல இப்படித்தான் பொங்குச்சு."

அப்பா பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "கேட்டியாடி" என்று ஆத்தாவைக் கூப்பிட்டார். "எம்மக கண்டுபுடிச்சுட்டா."

நுரை அடங்கிய பிறகு இரண்டாவது குப்பிக்குள் கிடந்த தாள் நீலமாகத் திரும்பியிருந்தது. அதை நான் பார்த்தேன். மறுக்கவில்லை. ஆனால் அப்போது என் கண் நுரையில்தான் இருந்தது. நுரை எவ்வளவு உயரம் வந்தது என்று அப்பா தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இரண்டாம் நாள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசலில் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. குப்பியை வைத்து மறுபடி செய்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு என் தலையில் கைவைத்தார். பிறகு தாள் கொண்டுவரச் சொல்லி, கலெக்டருக்கு ஒரு மனு சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் சாக்குத் தூளைக் கலந்து கொடுத்தும், அசல் மருந்தை வெளியில் விற்றும் வருகிறார்" என்று சொன்னார். வெளியில் விற்றதை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கை நிற்காமல் எழுதினேன். கீழே நாற்பது பேர் ரேகை வைத்தார்கள். இந்தப் பிரசிடெண்ட் முன்பு ஒருநாள் வேலைக்காரனிடம் பாட்டிலைக் கொடுத்து அனுப்பி, வரிசையில் நிற்காமல் மருந்து கேட்டதும், கம்பவுண்டர் அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பியதும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும் நான் இதைச் செய்து காட்ட, டாக்டர் வராத புதன்கிழமையாகப் பார்த்துப் பிரசிடெண்ட் நாள் குறித்ததற்கும் காரணம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் என் குப்பிகளை வைத்தார்கள். பொங்கலுக்கு எடுத்த பாவாடையை ஆத்தா உடுத்திவிட்டிருந்தாள். கம்பவுண்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமே பார்த்துப் பழகிய ஆள், வெளியே வந்தபோது இவ்வளவு குள்ளமா என்று தோன்றியது. மைக்கூட்டைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"ஆசிட்டாம்மா அது? கையில கிய்யில பட்டுச்சா?"

"அதெல்லாம் படல" என்றேன்.

"பேச்ச மாத்தாதீங்க கம்பவுண்டரே. நீ செய்யித்தா" என்றார் பிரசிடெண்ட்.

அவருடைய ஜன்னலிலிருந்தே வாங்கி, தெளிய வைத்திருந்த மருந்துதான். மேல் நீரை ஊற்றினேன். தாள் சிவப்பாகவே இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. அடி வெள்ளையைப் போட்டேன். பொங்கியது. கூட்டத்தில் ஒருவர் "ஏயப்பா" என்றார். அப்போது கம்பவுண்டரின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவரை அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை. பல நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டதை யாரோ கண்முன்னால் காட்டிக் கொடுத்துவிட்டது போல இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"அதேதாங்க. எல்லாரும் பாத்துக்கங்க. அடியில நிக்கிறதுதாங்க மருந்து. வயித்துல உள்ள புளிப்ப அதுதான் முறிக்கிது. மேல நிக்கிறது ஓமத்தண்ணி. அதுக்குத்தான் குலுக்கிக் குடிங்க, குலுக்கிக் குடிங்கன்னு நான் நாளெல்லாம் கத்துறேன். பாப்பா, அந்தத் தாளப் பாரு. இப்ப என்ன நெறம்?"

பார்த்தேன். நீலம்.

வாத்தியார் சொன்னது, நான் நோட்டில் அழகாக எழுதியது, வாரம் முழுக்க அர்த்தமில்லாமல் கிடந்தது, எல்லாம் அந்த ஒரு நொடியில் ஒன்றாகக் கூடி எனக்குப் புரிந்தது. அமிலம் முறிந்துவிட்டது. முறித்தது அடியில் நின்ற வெள்ளை. அந்த வெள்ளை எங்கள் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவருக்கு அடுத்து அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்.

"என்னத்தா, இவரு சொல்றது நெசமா? நீதான் படிச்ச புள்ள. நீ சொல்லு" என்றார் பிரசிடெண்ட்.

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல. சாக்குக்கட்டியப் போட்டாலும் இப்படித்தான் பொங்கும்."

தோழிகளே, நான் சொன்னதில் முதல் வார்த்தை மட்டும்தான் பொய். மீதி முழுக்க உண்மை. எந்த வாத்தியாரிடம் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் அதை அவ்வளவு தெளிவாக என்னால் சொல்ல முடிந்தது.

கம்பவுண்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. கோபப்படவில்லை. என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"அய்யா, நீங்க சொல்லுங்க. ஒரு வேளையாச்சும் குலுக்கிக் குடிச்சீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"குடிச்சேன். ரெண்டு நாளு குடிச்சேன். ஒண்ணும் கேக்கல."

பாட்டில் கழுவியவள் நான். ஒரு வேளைகூட அவர் அப்படிக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கூட்டத்தில் ஒருவர் "வெள்ளையடிக்கிற வேலைக்குப் போயிருங்க கம்பவுண்டரே, கூலி நல்லாக் கெடைக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வரிசையில் நின்றிருந்தவர்கள் பாட்டில்களைக் கவிழ்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் அவருக்கு மாற்றல் வந்தது. கலப்படப் புகார் என்று காகிதத்தில் எழுதி அனுப்பிய மாற்றல். அந்தக் காகிதத்தோடு இன்னொரு ஆஸ்பத்திரிக்குள் நுழைய மனமில்லாமல் வேலையையே விட்டுவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். கம்பவுண்டர் குடும்பம் ஊரை விட்டுப் போன அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு தகரப் பெட்டி, ஒரு சுருட்டிய பாய், அவர் மனைவி, அவர். மனைவி என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டாள். இதுதானா அந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கலாம். நான் வாய்க்கால் பக்கம் இறங்கி, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலெல்லாம் நெருஞ்சி முள்.

புதுக் கம்பவுண்டர் வந்தார். அதே ஜாடி, அதே வெள்ளை மருந்து. முதல் பாட்டிலை வாங்கி வந்த அன்று, "நானே ஊத்தித் தாறேம்ப்பா" என்று அடுப்படிக்குக் கொண்டுபோய், பாட்டிலை நன்றாகக் குலுக்கிப் பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா டம்ளருக்குள் பார்த்தார். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். ஒரு மாதத்தில் சாக்கை மடித்து வைத்துப் படுக்கும் வழக்கம் நின்றுபோனது.

"புது ஆளு மருந்துதான் மருந்து" என்று ஊரில் பேசினார்கள். அப்பா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் மருந்து பழையபடி தெளிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குக்கூட நான் போய்ச் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பார்கள்.

அந்த ஆண்டு பள்ளிக்கூட விழாவில் பிரசிடெண்ட் என்னைப் பற்றிப் பேசினார். இந்தப் பிள்ளையை எட்டோடு நிறுத்தக் கூடாது என்றார். எட்டோடு நிறுத்துவதாகத்தான் வீட்டில் முடிவாகி இருந்தது. அதற்குப் பிறகு அறந்தாங்கியில் உயர்நிலைப் பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு நம் ஆசிரியர் பயிற்சி விடுதி, உங்கள் நான்கு பேர் சிநேகிதம். நான் ஏறி வந்த முதல் படி எது என்று உங்களுக்குத் தெரியட்டும்.

சென்ற மார்கழியில் என் வகுப்பில் அமிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க மாமாவுக்கு ஆஸ்பத்திரியில வெள்ள மருந்து குடுக்குறாங்களே, அது இப்படித்தான் அமிலத்த முறிக்குமா? அப்ப அடியில தங்குறத ஏன் எல்லாரும் கீழ ஊத்துறாங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பதிமூன்று வயது இருக்கும். நல்ல கேள்வி என்று சொல்லி, பதிலையும் சொல்லி உட்கார வைத்தேன். அன்று மற்ற வகுப்புகளை எப்படி எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பவுண்டர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமாப்பா?"

எந்தக் கம்பவுண்டர் என்று அவர் கேட்கவில்லை. செதுக்குவதை நிறுத்தவும் இல்லை.

"மணமேல்குடியில. பஸ்சு நிக்கிற எடத்துக்குப் பின்னாடி சின்னதா ஒரு கட."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தரம் போனேன். கருவாடு வாங்கிட்டு வாறேன்னு ஒங்க ஆத்தாட்டச் சொல்லிட்டு. தூர நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

"கருவாடு?"

"அதையும் வாங்கல."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். கம்பவுண்டர் கடை ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். நூல்கண்டு, பீடிக்கட்டு, மிட்டாய் பாட்டில்கள். பாட்டில்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். என்னையும்தான். கம்பவுண்டர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றார் அப்பா.

"எதுல கேட்டுச்சு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். அந்த மருந்திலேயே என்று சொன்னேன். அன்று தாள் நீலமாக இருந்ததைப் பார்த்தேன் என்றும், பார்த்த உடனே புரிந்தது என்றும், புரிந்த பிறகுதான் இல்லை என்று சொன்னேன் என்றும் சொன்னேன். வகுப்பில் நான் இவ்வளவு திக்கிப் பேசியதே இல்லை. அப்பா குனிந்தபடி, "நானும் குலுக்கிக் குடிக்கலங்க" என்றார்.

கம்பவுண்டர் முழுவதும் கேட்டார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போவுது? எனக்குத் தெரியாததயா சொல்லிட்ட? அன்னிக்கே தெரியும். நீ எங்க நின்னு சொன்னியோ அங்க போயிச் சொல்லு. ஒரு புதன்கெழமையாப் பாத்துப் போ. கூட்டம் இருக்கும்."

ஒரு பையன் நூல் கேட்டு வந்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பி எடுத்துக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை. வேறு வேலை இல்லாவிட்டாலும் அலமாரியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"சொல்லத்தான் வேணும்த்தா. நான் போன பெறகு சொல்லேன். எம்பேச்சும் அதுல சேந்து வருதுல்ல."

நான் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. பன்னிரண்டு பதிமூன்று புதன்கிழமைகள் போய்விட்டன. அப்பாவுக்காகத்தான் தள்ளிப் போடுகிறேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் அது பாதிதான். அந்த ஊரில் இன்றைக்கும் நான் தெருவில் நடந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டுகிறார்கள். திருட்டைக் கண்டுபிடித்த பிள்ளை இதுதான், இந்த மாதிரி படிக்க வேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிர்கிறது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் நான்கு பேரும் எங்கள் பக்கத்துக்கு வந்ததில்லை. உங்களில் ஒருவருக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசல் தெரியாது, அந்த அறுபது பேரில் ஒருவரையும் தெரியாது. இதை ஒரே மூச்சில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுத முடிந்தது அதனால்தான். நாளைக்குப் புதன்கிழமை. காலையில் இந்த நோட்டை உங்களில் அடுத்தவளுக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, வழக்கம் போல நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன்.